வெளியீட்டுத் திகதி யாருடையது?

வீடியோ கேம் பற்றி எழுத இந்தச் சஞ்சிகையில் பக்கம் ஒதுக்கத்தான் வேண்டுமா என்று நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். சில வருடங்களுக்கு முன்பு நானும் சுளித்திருப்பேன். என் மகன் பகுதிநேர வேலைக் காசில் ஒரு கேமுக்கு முற்பணம் கட்டிவிட்டுக் காத்திருந்தான். வெளியீட்டுத் திகதியை மூன்று தடவை தள்ளிப்போட்டார்கள். அவன் கோபப்படவில்லை. "அரைகுறையாய் விடுறதைவிட முடிச்சுப்போட்டு விடட்டும் அப்பா" என்றான். இருபது வயதுப் பிள்ளைக்கு இருந்த அந்தப் பொறுமை எனக்கு வியப்பளித்தது. முடிந்துவிட்டது என்று யாரடா தீர்மானிக்கிறது என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அந்தக் கேள்வியின் பின்னால் போனபோது தட்டுப்பட்டவற்றையே இங்கு எழுதுகிறேன்.

வேலை எப்போது முடியும் என்று கணக்கிட்டு, அதன்பின் திகதி குறிக்கிறார்கள் என்றே வெளியில் இருப்பவர் நினைப்பார். பெரும்பாலும் நடப்பது மறுதலை. நத்தார் காலத்து விற்பனை, பங்குதாரருக்குச் சொல்லிவைத்த நிதியாண்டுக் கணக்கு, போட்டிக் கம்பனியின் வெளியீடு, விளம்பரத்துக்கு முன்கூட்டியே கட்டிய காசு ஆகியவைதான் திகதியைக் குறிக்கின்றன. வேலை அதற்குள் மடங்கிக்கொள்ள வேண்டும். கேமைத் தயாரிப்பவர் ஒருவர், பணம் போடுபவர் இன்னொருவர் என்றிருக்கும் இடத்தில், வேலையின் இன்ன கட்டம் முடிந்தால் இவ்வளவு காசு என்று தவணையாகக் கொடுப்பது வழக்கம். அங்கே ஒரு மாதத் தாமதம் என்பது சிலவேளை ஒரு மாதச் சம்பளம். இதற்கு மேல், சோனி, மைக்ரோசொஃப்ட், நின்டென்டோ ஆகிய கம்பனிகளின் பெட்டிகளில் ஓட வேண்டிய கேமை அந்தந்தக் கம்பனி பரிசோதித்து அனுமதிக்க வேண்டும். அப்படி இறுதியாக்கப்பட்ட பிரதியைத்தான் 'கோல்ட்' என்பார்கள். அதிலிருந்து வட்டுகள் அச்சாகும். நான் வேலைசெய்யும் பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் முதல் வார்ப்பை அளந்து பார்த்துக் கையொப்பம் வைத்த பிறகே மெஷினை ஓடவிடுவோம். ஏறத்தாழ அதே காரியம்.

ஒரு வித்தியாசம் உண்டு. எங்கள் வார்ப்பில் பிழையென்றால், லொறி போன பிறகு ஒன்றும் செய்ய முடியாது. கேமும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. 1982 இல் அட்டாரி கம்பனி ஸ்பில்பேர்க்கின் 'ஈ.ரி.' படத்தைக் கேமாக்கும் உரிமையைப் பெற்றது. அந்த நத்தாருக்கே கடைக்கு வரவேண்டும் என்பது கட்டளை. ஹோவர்ட் ஸ்கொட் வோர்ஷோ என்ற தனி ஒருவருக்குக் கிடைத்தது ஏறத்தாழ ஐந்து வாரம். மனிதர் சொன்ன நாளுக்கு முடித்தும் கொடுத்தார். விற்காமல் தேங்கியவை 1983 இல் நியூ மெக்சிக்கோ மாநிலத்தின் அலமொகோர்டோ என்ற ஊர்க் குப்பைமேட்டில் புதைக்கப்பட்டு, 2014 இல் மீண்டும் தோண்டி எடுக்கப்பட்டன. திகதி தவறாமல் வந்த கேம் அது!

இணையம் வந்த பிறகு பிழைகளைப் பின்னால் அனுப்பித் திருத்தலாம் என்றாகிவிட்டது. 'பட்ச்' என்கிறார்கள், கிழிந்த உடுப்புக்கு ஒட்டுப்போடுவது போன்றது. கேம் விற்பனைக்கு வரும் முதல் நாளிலேயே ஒட்டும் கூடவே வருகிறது. இதனால் 'முடிந்தது' என்ற சொல் இளகிவிட்டது. திகதியைக் காப்பாற்றிவிட்டு வேலையைப் பின்னர் முடிக்கலாம் என்ற சபலம் பணம் போட்டவருக்கு வருவது இயல்பு.

இனி நம் ஊருக்கு வருவோம். ரொறன்ரோவுக்கு அருகே ஒக்விலில் இருக்கும் ஸ்ரூடியோ எம்.டி.எச்.ஆர். தயாரித்தது 'கப்ஹெட்'. சட், ஜாரெட் மொல்டன்ஹவர் என்ற சகோதரர்கள் தொடங்கிய முயற்சி. 1930களின் அமெரிக்கக் கார்ட்டூன் படங்களைப்போல ஒவ்வோர் அசைவையும் கடதாசியில் பென்சிலால் வரைந்தார்கள். மையிடும் வேலையில் பெரும் பங்கு சட்டின் மனைவி மாயாவுடையது. ஜாஸ் இசையை அமைத்தவர் ரொறன்ரோவைச் சேர்ந்த கிறிஸ்டோபர் மடிகன். 2014 இல் சில கணங்கள் மட்டும் உலகுக்குக் காட்டினார்கள். 2015 இல் கிடைத்த வரவேற்பைக் கண்டு, பெரிய எதிரிகளோடு மோதும் சண்டைகள் மட்டுமே என்றிருந்த திட்டத்தை விரித்தார்கள், பார்த்த வேலைகளை விட்டார்கள், வீடுகளை ஈடுவைத்தார்கள். 2016 என்றது 2017 ஆகி, அவ்வருடம் செப்டெம்பர் 29 ஆம் திகதி கேம் வந்தது. இரண்டு வாரத்தில் பத்து லட்சம் பிரதிகள் விற்றன.

இக்கதையை 'பொறுத்தார் பூமி ஆள்வார்' என்பதற்கு உதாரணமாகச் சொல்லிவிடுவது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அதே காலத்தில் ரொறன்ரோ நகரிலேயே இன்னொரு காத்திருப்பும் நடந்தது. கப்பிபாரா கேம்ஸ் 2013 ஜூன் மாதம் 'பிலோ' என்ற கேமை அறிவித்தது. 2016 இல் வரும் என்றார்கள். அவ்வருடம் ஓகஸ்டில், திகதியையே எடுத்துவிட்டோம், முடிந்ததும் சொல்கிறோம் என்று வெளிப்படையாக அறிவித்தார்கள். கேம் வந்தது 2018 டிசெம்பர் 14 இல். அதன் இருளும் ஒளியும், ஜிம் கத்றியின் இசையும் பலரால் மெச்சப்பட்டன. பசியும் தாகமும் வாட்ட, திரும்பத் திரும்பச் செத்து முதலிலிருந்து நடக்கும் அலுப்பைப் பலர் ஏற்கவில்லை. 2020 இல் பசியும் தாகமும் இல்லாத இலகுவான முறை ஒன்றையும் சேர்த்தார்கள். ஐந்தரை வருடம் காத்திருந்தும் திருத்தம் தேவைப்பட்டது. அமெரிக்காவில் 1997 இல் அறிவிக்கப்பட்ட 'டியூக் நியூகெம் ஃபோர்எவர்' 2011 இல் வந்தபோது சிரிப்புக்கிடமானதை இங்கு விரிக்கவேண்டியதில்லை. நேரம் ஒன்றையும் தானாகச் செம்மைப்படுத்துவதில்லை.

ஆகவே, தாமதம் நல்லதா கெட்டதா என்ற விவாதத்தை ஒருபுறம் வைத்துவிட்டு, தாமதத்தின் செலவு யார் தலையில் விழுகிறது என்று கேட்போம். மொல்டன்ஹவர் குடும்பம் தன் வீட்டைப் பணயம் வைத்தது. 'இன்னும் இல்லை' என்று சொல்லும் உரிமையை அவர்கள் காசு கொடுத்து வாங்கினார்கள் எனலாம். பின்னர் கப்ஹெட்டின் தொடர்ச்சிப் பகுதியை 2019 இல் வெளியிடுவதாகச் சொல்லி, 2020 என்று தள்ளியபோது, குழுவின் உடல்நலத்துக்கு ஏற்ற வேகத்தில் வேலைசெய்ய வேண்டும் என்று காரணம் சொன்னார்கள். தொற்றுநோயும் இடையிட்டு, அது 2022 ஜூன் 30 இல் வந்தது. முதல் கேம் ஈட்டிய காசு இல்லாதிருந்தால் அந்த வாக்கியத்தை அவர்களால் சொல்லியிருக்க முடியுமா என்பது என் சந்தேகம்.

எதிர்ப்புறத்தில் போலந்தின் சி.டி. புரொஜெக்ற். பங்குச்சந்தையில் உள்ள கம்பனி. 2012 இல் அறிவித்த 'சைபர்பங்க் 2077' கேமுக்கு 2020 ஏப்பிரல் 16 என்று நாள் குறித்தார்கள். பிறகு செப்டெம்பர் 17. பிறகு நவம்பர் 19. 'கோல்ட்' ஆகிவிட்டது என்று சொன்ன பிறகும் இன்னும் மூன்று வாரம், டிசெம்பர் 10. கட்டாய மேலதிக வேலை இருக்காது என்று 2019 இல் சொன்ன நிர்வாகம், 2020 செப்டெம்பரில் வாரத்துக்கு ஆறு நாள் வேலை என்று அறிவித்தது. தள்ளிப்போட்டதால் வேலையாட்களுக்கு ஓய்வு கிடைக்கவில்லை. ஓட்டப்பந்தயத்தின் கடைசி நூறு யார் மட்டும் நீண்டுகொண்டே போனது. இவ்வளவுக்கும் பிறகு வந்த கேம் பழைய பெட்டிகளில் சரியாக ஓடாமல், வெளிவந்து சுமார் ஒரு வாரத்தில் சோனி அதைத் தன் இணையக் கடையிலிருந்து நீக்கியது. 2021 ஜூன் மாதம்தான் திரும்பவும் வைத்தது. 2023 இல் பெரிய திருத்தப் பதிப்பு வந்த பிறகு இப்போது அது நல்ல கேம் என்று மகன் சொல்கிறான். இருக்கலாம்.

இந்த இடத்தில் ஒன்ராறியோச் சட்டத்தையும் சொல்லவேண்டும். தொழிற்சாலையில் வாரம் 44 மணித்தியாலத்துக்கு மேல் வேலைசெய்தால் எனக்கு ஒன்றரை மடங்கு சம்பளம். என் சனிக்கிழமையின் விலை எங்கள் சுப்பவைசருக்குத் தெரியும். கேட்பதற்கு முன் யோசிப்பார். ஆனால் அதே சட்டத்தின் ஒழுங்குவிதிகள் 'தகவல் தொழில்நுட்ப வல்லுநர்' என்ற வகையினரை வேலைநேர வரம்பிலிருந்தும் மேலதிக நேரக் கொடுப்பனவிலிருந்தும் விலக்கி வைத்திருக்கின்றன. கேம்களுக்கு நிரல் எழுதும் பலர் இந்த வகைக்குள் வரக்கூடியவர்கள். நம்மவர் பிள்ளைகளை 'கொம்பியூட்டர் படி' என்று தள்ளிவிடுகிற நாம் இந்த விதியை ஒருமுறை வாசித்துப் பார்க்கலாம். அவர்களுடைய சனிக்கிழமைக்குச் சட்டம் விலை வைக்கவில்லை. விலையில்லாத நேரத்தைக் கொண்டு திகதியைக் காப்பாற்றுவது நிர்வாகத்துக்கு எப்போதும் மலிவு. இத்தனைக்கும், கேம் தயாரிக்கும் கம்பனிகளின் தகுதியான சம்பளச் செலவில் 40 வீதம் வரை ஒன்ராறியோ அரசு வரிச்சலுகையாகத் திருப்பிக் கொடுக்கிறது. 2009 இல் யூபிசொஃப்ட் கம்பனி ரொறன்ரோவுக்கு வர, பத்து ஆண்டுகளில் 263 மில்லியன் டொலர் தருவதாக மாகாணம் ஒப்புக்கொண்டது. பதிலுக்கு 800 வேலைகள். என் வரியும் அதில் சில சதம் இருக்கும்.

ஒக்விலில்தான் ரொக்ஸ்ரார் கம்பனியின் ரொறன்ரோக் கிளையும் இருக்கிறது. அக்கம்பனியின் 'ஜி.ரி.ஏ. 6' முதலில் 2025 என்று அறிவிக்கப்பட்டு, பின்னர் 2026 மே 26 ஆகி, 2025 நவம்பரில் மறுபடியும் 2026 நவம்பர் 19 ஆயிற்று. அந்த இரண்டாவது அறிவிப்புக்கு ஒரு வாரம் முன்பு பிரித்தானியாவிலும் கனடாவிலும் முப்பது பேருக்கு மேல் வேலைநீக்கப்பட்டார்கள். தொழிற்சங்கம் அமைக்க முயன்றதற்கான பழிவாங்கல் என்கிறது சங்கம். இரகசியத் தகவலை வெளியே பகிர்ந்தார்கள் என்கிறது கம்பனி. இரண்டு செய்திகளுக்கும் தொடர்பு உண்டென்று நான் சொல்லவரவில்லை. ஆனால் 'முடியட்டும், காத்திருப்போம்' என்று பெருந்தன்மையோடு சொல்கிற என் மகனைப் போன்றவர்கள் முதற்செய்தியைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

நம் வட்டத்துக்கும் இது அந்நியமான விடயமல்ல. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிக்கன் வேலை 1913 இல் சாண்ட்லரின் கீழ் தொடங்கியது. முதற்பகுதி வெளிவந்தது 1924 இல். வையாபுரிப்பிள்ளை ஆசிரியராயிருந்து ஆறாம் தொகுதியை நிறைவு செய்தது 1936 இல். பிறகு ஓர் அநுபந்தமும் தேவைப்பட்டது. முழுவதும் முடியட்டும் என்று வைத்திருந்தால் பன்னிரண்டு வருடம் ஒருவர் கையிலும் ஒரு பக்கமும் இருந்திராது. முடிந்த பகுதியை முடிந்தவுடன் கொடுத்துக்கொண்டே, முழுமைக்கு அவசரப்படாமல் இருந்தார்கள். அதற்கு ஒரு பல்கலைக்கழகத்தின் சம்பளப் பட்டியல் பின்னால் நின்றது. நம்மிடம் அது இல்லை. நம் இலாச்சிகளில் 'இன்னும் கொஞ்சம் திருத்தவேண்டும்' என்று கிடக்கும் கையெழுத்துப் பிரதிகளின் செலவை இதுவரை கொடுத்தவர்கள் பெரும்பாலும் வீட்டில் இருந்தவர்கள். என்னிடமும் ஒன்று கிடக்கிறது.

இந்தக் கட்டுரையும் போன இதழுக்குத் தருவதாக ஒப்புக்கொண்டதுதான். தள்ளிப்போட்டேன்; ஆசிரியர் ஒன்றும் சொல்லவில்லை. இரவு சிவ்ற் முடித்து வந்து பக்கம் அமைப்பவர் எனக்காக ஒதுக்கிய ஆறு பக்கத்தையும் கலைத்து மறுபடி அடுக்கினார் என்று பிறகுதான் கேள்விப்பட்டேன்.