மூக்காயிக்கு சர்வே நம்பர் தெரியாது

வங்கியில் 34 வருஷம் வேலை பார்த்தவன் நான். மேலிடத்துச் சுற்றறிக்கை வந்தால் மறுபேச்சில்லாமல் செய்தே பழக்கம். ஓய்வு பெற்று, கோவில்பட்டி பக்கம் எங்கள் கரிசல் காட்டுக்கு வந்த பிறகுதான் எந்தச் சுற்றறிக்கைக்கும் கட்டுப்படாத ஒரு ஜீவனோடு குடித்தனம் நடத்துகிறேன். பெயர் மூக்காயி. கன்னி ஜாதி நாய். வயது 4.

"வா" என்றால் உடனே வரமாட்டாள். தலையைத் திருப்பி ஒரு பார்வை. மோந்துகொண்டிருக்கும் வேலையை முடித்துவிட்டு, தனக்குத் தோன்றும்போது வந்து காலடியில் படுப்பாள். "உங்க பழைய கேஷியர் மாதிரியே இருக்கா" என்பாள் என் வீட்டுக்காரி.

குட்டியாகக் கொடுத்த ஆட்டுக்கார அண்ணாச்சியிடம் போய்க் குறை சொன்னேன். சிரித்தார். "சார், இது முயலுக்குப் பின்னால ஓடுன வம்சம். ஓடும்போது எசமான் எங்கயோ பின்னால நிப்பான். எங்க திரும்பணும், எங்க மறிக்கணும்னு நாயிதான் முடிவு எடுக்கணும். அதுட்ட போயி உக்காரு, எந்திரின்னா கேக்குமா?"

முயல் வேட்டை இன்று சட்டப்படி குற்றம். வேட்டை போனாலும் அந்தப் புத்தி ரத்தத்தில் இருக்கிறது. இது எனக்குப் புரிய கொஞ்சம் செலவு பிடித்தது.

போன மார்கழியில் மக்காச்சோளம் கதிர் பிடித்து நின்றது. ராத்திரியானால் மூக்காயி கிழக்கு வரப்பில் நின்று குரைப்பாள். ஒருநாள் தூக்கம் கெட்ட ஆத்திரத்தில் டார்ச்சோடு போய், இழுத்து வந்து வேப்பமரத்தில் கட்டிவிட்டேன். விடியும்வரை ஊளையிட்டாள். நானும் "சும்மா கிட" என்று அதட்டிக்கொண்டே படுத்திருந்தேன். காலையில் போய்ப் பார்த்தால், கிழக்கே 20 சென்ட் அளவுக்குக் காட்டுப்பன்றி சாய்த்துப் போட்டிருந்தது. அன்றே சங்கிலியைக் கழற்றினேன்.

அதிலும் ஒரு வினை இருந்தது. பத்து நாள் கழித்து, விடியக் கருக்கலில் வாயில் எச்சில் வடிய, கால் பின்னி, உடம்பு உதற வந்து வாசலில் விழுந்தாள். பக்கத்துக் காட்டில் பன்றிக்கு வைத்த விஷத் தீனி! கால்நடை மருத்துவர் அவள் கண்ணின் பாப்பா சுருங்கியிருப்பதைப் பார்த்தே பூச்சிமருந்து என்று சொல்லிவிட்டார். அட்ரோபின் ஊசி போட்டார். மூன்றாம் நாள்தான் எழுந்து கஞ்சி குடித்தாள்.

சண்டை போடத்தான் பக்கத்துக் காட்டுக்காரரிடம் போனேன். அவர் பேசாமல் தன் காட்டைக் காட்டினார். எனக்கு 20 சென்ட் என்றால் அவருக்கு அரை ஏக்கர். பயிர்க்கடன் வேறு. கடன் கட்ட முடியாதவன் முகம் எனக்குத் தெரியாதா? எத்தனை பேரை மேசைக்கு எதிரே உட்காரவைத்துப் பார்த்திருக்கிறேன்.

கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். அவர் இனி விஷம் வைப்பதில்லை. மூக்காயி இரண்டு காட்டையும் சுற்றட்டும். அவள் குரைத்தால் எங்களில் ஒருவர் டார்ச்சும் தகர டப்பாவுமாக எழுந்து போக வேண்டும். பன்றியிடம் நாயைத் தனியாக விட்டால் வயிற்றைக் கிழித்துவிடும். அவளுக்கென்ன, சர்வே நம்பரா தெரியும்? எப்போதோ இரண்டு காட்டையும் தன் காடாக எடுத்துக்கொண்டவள்தான். மிச்சச் சோளம் இரண்டு பேருக்கும் வீடு வந்து சேர்ந்தது.

நாட்டு நாய் வளர்க்க நினைக்கும் நண்பர்களுக்குச் சில வார்த்தைகள். கூப்பிட்டு லேட்டாக வந்தாலும் அடிக்காதீர்கள். வந்ததற்குத்தான் அடி என்று அது நினைத்துக்கொள்ளும். அடுத்த முறை வராது. மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போடுங்கள், பிறகு வருஷா வருஷம் மறக்காதீர்கள். கன்னி ஓடப் பிறந்த நாய், நாளெல்லாம் கட்டிப்போட வேண்டாம். ராத்திரி குரைத்தால், அதட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை எழுந்து போய்ப் பாருங்கள்.

இதை எழுதும் நேரத்தில் மூணு தரம் கூப்பிட்டுவிட்டேன். கிழக்கு வரப்பில்தான் நிற்கிறாள். வருவாள்.