குளிரில் நின்று துடிக்கும் கடிகாரம்

ரயில்வே குமாஸ்தாக்களாகிய நமக்கு ஒரு நிமிஷத்தின் விலை நன்கு தெரியும். நிலையக் கடிகாரமும் கார்டின் கைக்கடிகாரமும் ஒத்துப்போகாமையால் விளக்கக் கடிதம் எழுதிய அநுபவம் நமக்கும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்நாட்டு ரயில்வேக்கள் சென்னை நேரத்தையே பொது நேரமாகக் கொண்டிருந்தன. அது இன்றைய இந்திய நேரத்துக்குச் சுமார் 9 நிமிஷம் பிந்தியது.

நிமிஷக் கணக்கு நமக்குப் போதும், விஞ்ஞானிகளுக்குப் போதாது. 1960-ல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ராம்ஸி, கிளெப்னர், கோல்டன்பர்க் ஆகிய மூவர் ஹைட்ரஜன் மேஸர் என்னும் கருவியை இயக்கிக் காட்டினர். தனித்த ஹைட்ரஜன் அணு நொடிக்கு 142 கோடிக்கும் அதிகமான தடவை துடிக்கும் அலையை வெளியிடும். அந்தத் துடிப்பே இங்கு ஊசல். அணுக்களைக் காந்தத்தால் தெரிந்தெடுத்து, உட்புறம் டெஃப்லான் பூசிய கண்ணாடிக் குடுவையில் அடைக்கின்றனர். ஏறத்தாழ ஒரு நொடி அவை அதில் உலவுகின்றன. சில மணி நேர அளவில் இதன் பிழை, ஆயிரம் லட்சம் கோடியில் ஒரு பங்கு என்ற அளவுக்குக் குறுகியுள்ளது. 1976-ல் இத்தகைய மேஸர் ஒன்றை ராக்கெட்டில் ஏற்றிச் சுமார் 10,000 கிலோமீட்டர் உயரத்துக்கு அனுப்பி, ஈர்ப்பு குறையக் கடிகாரம் விரைகிறது என்னும் ஐன்ஸ்டைன் கூற்றைச் சோதித்தனர். கூற்று நின்றது!

ஆயினும் குடுவைச் சுவர் பொல்லாதது. அணு அதில் மோதுந்தோறும் துடிப்பு இம்மியளவு பிசகுகிறது. பூச்சு நாளடைவில் மாறினால் பிசகும் மாறும். அப்படியானால் சுவருக்கு எதைப் பூசுவது? திரவ ஹீலியத்தை என்றனர் சிலர். ஹைட்ரஜன் அணு அதனிடம் ஒட்டுவது மிகச் சொற்பம். மேலும் அத்திரவம் தானே ஊர்ந்து, குடுவை முழுவதும் ஒரே சீரான படலமாகப் பரவிவிடும். பூசுவோர் எவரும் வேண்டியதில்லை! ஆனால் இதற்குப் பூஜ்யத்துக்குக் கீழே 272 டிகிரிக்கும் அதிகமான குளிர் வேண்டும். அக்குளிரில் வெப்பத்தால் எழும் இரைச்சலும் அடங்கும். 1986-ல் அமெரிக்காவில் இரு குழுவினரும் கனடாவில் ஒரு குழுவினருமாக மூன்று இடங்களில் குளிர் மேஸர்கள் துடித்தன. பழைய மேஸரினும் ஆயிரம் மடங்கு நுட்பம் கைகூடும் என்ற எதிர்பார்ப்பு இருந்தது.

எதிர்பார்ப்பு பலிக்கவில்லை. சுவரின் தொல்லை தணிந்தது. அணுவோடு அணு மோதும் தொல்லை முன்வந்து நின்றது. சாதாரண வெப்பத்தில் அப்பிசகை ஈடுசெய்யும் உபாயம் உண்டு. கடுங்குளிரிலோ அது முற்றும் பலிப்பதில்லை. இவ்வளவு பாடுபட்டவர்களுக்கு இப்படியா வாய்க்க வேண்டும் என்று நமக்கே வருத்தமாயிருக்கிறது. அவர்கள் நாடிய நுட்பத்தைப் பிற்காலத்தில் எட்டியவை, ஒளியலையால் இயங்கும் வேறு வகைக் கடிகாரங்கள்.

புதுடில்லியில் நம் நாட்டு நேரத்தைக் காக்கும் தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தில் ஸீஸியம் கடிகாரங்களோடு ஹைட்ரஜன் மேஸரும் உண்டு. அது ஹீலியம் தேவைப்படாத பழைய வகையே.