ஹான்லேயில் சிவந்த வானம்

2024 மே 10-ஆம் தேதி நள்ளிரவு தாண்டிய நேரத்தில், லடாக்கில் உள்ள ஹான்லேயின் வடக்கு வானம் சிவந்தது. அடுத்த ஓரிரு நாளில் அந்தப் படங்கள் சிவாஜிநகரில் செல்போன் செல்போனாகச் சுற்றின. நான் கேமராவும் கையுமாக அலைபவன் என்று தெரிந்த ஒருவர், ரஸ்ஸல் மார்க்கெட் பக்கத்து டீக்கடையில் படத்தை என் முன் நீட்டி, "அண்ணே, இது நிஜப் படமா, கம்ப்யூட்டர்ல பண்ணதா?" என்று கேட்டார். அதே வாரம் ஊரிலிருந்து அக்கா மகள் போனில், "மாமா, அங்க போய் நின்னு கண்ணால பாத்தா இப்படியே செக்கச்செவேல்னு தெரியுமா?" என்றாள். முதல் கேள்விக்குப் பதில், நிஜப் படம்தான். இரண்டாவது கேள்விக்குப் பதில், அப்படித் தெரியாது. இந்த இரண்டு பதிலும் ஒரே சமயத்தில் சரியாக இருப்பது எப்படி என்பதைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

ஹான்லே நமக்கு ஒன்றும் அந்நியமான இடம் இல்லை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் அங்குள்ள வானாய்வகத்தை நடத்துவது, நம் கோரமங்கலாவில் இருக்கும் இந்திய வானியற்பியல் நிறுவனம். அங்குள்ள 2 மீட்டர் தொலைநோக்கியைச் செயற்கைக்கோள் தொடர்பு மூலம் ஹொசகோட்டேயில் உட்கார்ந்தபடியே இயக்குகிறார்கள். சிவாஜிநகர் பஸ் நிலையத்திலிருந்து ஹொசகோட்டே எவ்வளவு தூரம் என்று உங்களுக்கே தெரியும்! இரவு முழுக்க வானத்தைப் படமெடுத்துக்கொண்டே இருக்கும் முழுவானக் கேமராக்கள் ஹான்லேயில் உண்டு. 2023 ஏப்ரலிலும், 2024 மே, அக்டோபர் மாதங்களிலும் சிவப்பு ஒளி அவற்றில் பதிவானது.

சரி, நார்வேப் படங்களில் பச்சைத் திரைபோல ஆடுகிற ஒளி இங்கே மட்டும் ஏன் சிவப்பு? சூரியனிலிருந்து வெடித்துக் கிளம்பும் மின்னேற்றத் துகள் கூட்டம் ஒன்று முதல் மூன்று நாளில் பூமியை எட்டுகிறது. அதனால் பூமியின் காந்தப்புலம் குலுங்கி, துகள்கள் துருவங்களைச் சுற்றியுள்ள மேல் வளிமண்டலத்தில் பாய்கின்றன. அங்குள்ள ஆக்சிஜன் அணுக்கள் அடி வாங்கி ஒளிர்கின்றன. சுமார் 100 முதல் 150 கிலோமீட்டர் உயரத்தில் பச்சை, 200 கிலோமீட்டருக்கு மேலே சிவப்பு. சிவப்பை உமிழ ஓர் ஆக்சிஜன் அணுவுக்கு ஏறத்தாழ 2 நிமிடம் வேண்டும். கீழே காற்று நெருக்கம், அதற்குள் வேறு அணு வந்து இடித்து அந்தச் சக்தியைப் பறித்துவிடும். காற்று மிக மெலிந்த உயரத்தில்தான் அந்த அவகாசம் கிடைக்கிறது. பச்சைக்கு ஒரு விநாடிகூட வேண்டாம்.

இனி பூமியின் வளைவைக் கணக்கில் சேருங்கள். 100 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் பச்சை, சுமார் 1,100 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளவர்களுக்கு அடிவானத்துக்குக் கீழே போய்விடும். 400 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் சிவப்போ சுமார் 2,200 கிலோமீட்டர் தூரம்வரை தெரியும். புயல் கடுமையாகும்போது ஒளிவளையம் தெற்கே இறங்குகிறது. ஹான்லேக்காரர்களுக்கு அதன் உச்சந்தலை மட்டும் வடக்கே எட்டிப் பார்க்கிறது. (இந்த அட்சரேகைகளில் பதிவாகிற சிவப்பில் ஒரு பகுதி வேறு வகை. பூமியைச் சுற்றியுள்ள துகள் வளையத்தின் வெப்பத்தால் உண்டாகும் நிலையான சிவப்பு வில் அது. படத்தைப் பார்த்து இரண்டையும் பிரிப்பது ஆய்வாளர்கள் வேலை.) 2024 மே புயல், 2003 அக்டோபருக்குப் பிறகு வந்த முதல் உச்சநிலைக் காந்தப் புயல் என்பதையும் நினைவில் வையுங்கள்.

தமிழ்நாட்டில் எப்போது தெரியும் என்று ஆவலோடு கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. பூமியின் காந்த நடுக்கோடு நம் தென்கோடி வழியாகப் போகிறது. 1963-இல் தும்பாவில் ராக்கெட் தளம் அமைத்ததற்கே அதுதான் காரணம். திருநெல்வேலியில் புவிகாந்த ஆய்வகம் இருப்பதும் அதனால்தான். துருவத்தில் செங்குத்தாக நிற்கும் காந்த ஊசி அங்கே ஏறக்குறைய தரைக்குச் சமமாகப் படுத்துக்கொள்ளும். துருவ ஒளிக்கு அதைவிடத் தள்ளிப்போன இடம் உலகத்தில் கிடையாது. 1872 பிப்ரவரி 4-ஆம் தேதி பெரும்புயலின்போது பம்பாய்வரை தெரிந்ததாகப் பதிவு உண்டு. நாம் அதையும் தாண்டித் தெற்கே இருக்கிறோம்.

இப்போது அக்கா மகளின் கேள்விக்கு வருகிறேன். நம் கண்ணில் இருட்டுக்கு என்று தனி உணர்செல்கள் உண்டு. அவற்றுக்கு நிறம் பிரிக்கத் தெரியாது. சிவப்பு ஒளிக்கு அவை ஏறக்குறைய குருடு. நிறம் பிரிக்கிற செல்களுக்கோ இவ்வளவு மங்கல் வெளிச்சம் போதாது. மேலும், கண் ஒரு காட்சியை விநாடியில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு நேரம்தான் சேர்த்து வைக்கிறது. கேமராவின் கதவை 20 விநாடி திறந்து வைத்தால் அதுபோல் நூறு மடங்குக்கு மேல் ஒளி சேரும். ஆகவே வெறும் கண்ணுக்கு வடக்கே சாம்பல் நிற மங்கலாகத் தெரிந்தது, கேமராவில் குங்குமமாக விழுகிறது. கேமரா இல்லாததை உண்டாக்கவில்லை. கண்ணால் சேர்க்க முடியாததைச் சேர்க்கிறது. ஒரு பாத்திரத்தைச் சொட்டும் குழாயடியில் ராத்திரி முழுக்க வைத்து நிரப்புகிறோமே, தண்ணீருக்கு வரிசை நின்ற நம்மவர்களுக்கு இதை விளக்கவா வேண்டும்?

ஆனால் பொய்ப் படங்களும் நிறையவே சுற்றுகின்றன. என் கணக்கில் வெளிச்சத்தையும் நிறச் சமநிலையையும் கொஞ்சம் திருத்துவது தப்பில்லை. வேறு இரவில் எடுத்த பால்வீதியைக் கொண்டுவந்து கோபுரத்தின் பின்னால் ஒட்டிவிட்டு, அதை ஒரே படம் என்று சொல்வது தப்பு. அறியாமல் நேரும் குழப்பமும் உண்டு. இருட்டான எந்த ஊரிலும் வளிமண்டலம் தானாகவே பச்சையாக லேசாக ஒளிரும். அதுவும் ஆக்சிஜன் பச்சைதான், ஆனால் துருவ ஒளி அல்ல. அடிவானத்து ஆரஞ்சு வெளிச்சம் பக்கத்து ஊர் தெருவிளக்காக இருக்கும். சந்தேகம் வந்தால் அதே இடத்தில், அதே அமைப்பில் மறுநாள் இரவும் ஒரு படம் எடுங்கள். மறுநாளும் அப்படியே இருந்தால் அது விளக்கு. அன்றைய காந்தப் புயல் அளவையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

எடுக்கும் முறை ஒன்றும் பிரமாதமில்லை. ஆடாத ட்ரைபாட், அகலமான லென்ஸ், எஃப் 2.8 போலப் பெரிய திறப்பு, ஐ.எஸ்.ஓ. 1600 முதல் 3200. எத்தனை விநாடி என்பதற்கு ஒரு வாய்ப்பாடு: 500-ஐ லென்ஸின் குவியத் தூரத்தால் வகுங்கள். 24 மில்லிமீட்டர் லென்ஸுக்குச் சுமார் 20 விநாடி வரும். சின்ன சென்சார் கேமரா என்றால் இன்னும் குறைக்கணும். அதற்கு மேல் போனால் நட்சத்திரம் புள்ளியாக இல்லாமல் கோடாகிவிடும். ஆட்டோஃபோகஸை அணைத்துவிட்டு, பிரகாசமான ஒரு நட்சத்திரத்தைத் திரையில் பெரிதாக்கிக் கையாலேயே குவியுங்கள். 'ரா' கோப்பாக எடுத்தால் பிறகு நிறத்தை நியாயமாகத் திருத்தலாம். பட்டனைக் கையால் அழுத்தாமல் 2 விநாடி டைமர் போடுங்கள். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், ஆகவே மாற்று பேட்டரியை உள்சட்டைப் பையில் உடம்புச் சூட்டோடு வைத்திருங்கள். ஹான்லே போகிறவர்கள் லே நகரில் சில நாள் தங்கி உடம்பைப் பழக்காமல் ஏறக்கூடாது. அந்த உயரத்தில் படத்தைவிட மூச்சு முக்கியம்.

இத்தனைக்கும் அடிப்படை இருட்டு. ஹான்லேயைச் சுற்றிச் சுமார் 1,073 சதுர கிலோமீட்டரை 2022-இல் இருள்வானக் காப்பகமாக அறிவித்தார்கள். ஊர்க்காரர்கள் 24 பேருக்குத் தொலைநோக்கி கொடுத்துப் பயிற்சியும் தந்தார்கள். வருகிறவர்களுக்கு வானம் காட்டுவது இப்போது அவர்களுக்கு ஒரு பிழைப்பு. விளக்கை மறைத்தால் வருமானம் வருகிறது என்பதால்தான் அந்தத் திட்டம் நிற்கும் என்று எனக்குப் படுகிறது. வெறும் உத்தரவு போட்டு எந்த ஊரில் யார் விளக்கை அணைத்தார்கள்? அங்குள்ள வானாய்வகப் பொறியாளர் டோர்ஜே அங்சுக் எடுத்த இரவுப் படங்களைத் தேடிப் பாருங்கள். 2025-இல் வெளியான ஒரு காட்சியில் நட்சத்திரங்களை அசையாமல் நிறுத்தி, தரை சுழல்வதைக் காட்டியிருக்கிறார்.

நம் பக்கத்திலும் இப்படி இருட்டுக்காகவே தேர்ந்த இடம் உண்டு. சென்னையில் பிறந்த வைணு பாப்பு, 1960-களில் வாணியம்பாடிக்குத் தென்கிழக்கே ஜவ்வாது மலையிலுள்ள காவலூரைத் தேர்ந்தெடுத்தார். 1986-இல் அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு அவர் பெயரே வைத்தார்கள். கீழே சமவெளி ஊர்களில் விளக்கு பெருகப் பெருக, அந்த மலையின் இருட்டு தேய்கிறது. ஜவ்வாது மலைக் கிராமங்களில் சொந்தபந்தம் இருக்கிறவர்கள் ஒன்று செய்யலாம். வாசல் விளக்கு வானத்தைப் பார்க்காமல் தரையைப் பார்க்கும்படி மேலே ஒரு மூடி போடச் சொல்லுங்கள். வெளிச்சம் குறையாது, மின்சாரமும் வீணாகாது.

துருவ ஒளி நம்மூரில் கிடைக்காது என்று ஏங்குகிற பிள்ளைகளுக்கு இன்னொன்றும் சொல்லவேண்டும். துருவ ஒளிக்குப் பேர்போன நார்வேயின் ட்ரோம்ஸோ நகரத்தில் பால்வீதியின் மையம் ஒருநாளும் உதிக்காது. காவலூரில் அது வானத்தில் பாதி உயரத்துக்கு மேல் ஏறும். மார்ச்சிலிருந்து மே வரை, நிலா இல்லாத இரவில், விடியலுக்கு முன் தெற்கே பார்த்து மேலே சொன்ன அதே அமைப்பில் எடுக்கலாம்.

அகத்திய நட்சத்திரம் லண்டனில்கூடத் தெரியாது. மாசி மாதத்தில் இரவு ஒன்பது மணி வாக்கில் சிவாஜிநகர் மொட்டை மாடியில் நின்று தெற்கே பார்த்தால், அடிவானத்திலிருந்து சுமார் 24 டிகிரி உயரத்தில் இருக்கும். வானத்தில் அதைவிடப் பிரகாசமான நட்சத்திரம் சிரியஸ் ஒன்றுதான், அதனால் நம் தெருவிளக்கு வெளிச்சத்தையும் மீறித் தெரியும். இங்கே 20 விநாடி வைத்தால் படம் வெளுத்துப்போகும். ஐ.எஸ்.ஓ. 400, 4 விநாடி போதும். அப்படியே விடாமல் ஒரு மணி நேரம் எடுத்தால் 900 படம் சேரும். அவற்றைக் கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அகத்தியர் மேற்கே நகர்ந்த பாதை ஒரு வளைகோடாக வரும்.