பூச்சியின் இனம் அறிதல்

பருத்தி இலையின் அடிப்புறத்தில் மொய்த்துக் கிடக்கும் நுண்ணிய வெண்பூச்சியை 'வெள்ளை ஈ' என்று வழங்குகிறோம். உண்மையில் அது ஈ அன்று. ஈக்குச் சிறகுகள் இரண்டே. வெள்ளை ஈக்கோ நான்கு. அசுவினியும் தத்துப்பூச்சியுமே அதன் நெருங்கிய உறவினர். பெயர் எதுவாயினும் பூச்சி பூச்சிதானே என்று அங்கத்தினர் சிலர் எண்ணக்கூடும். இனம் தெரியாது மருந்து தெளிப்பவருக்குப் பணமும் நட்டம், பயிரும் நட்டம்.

தலை, மார்பு, வயிறு என மூன்று பகுதிகளும், மார்பில் ஆறு கால்களும், தலையில் ஓர் இணை உணர்கொம்புகளும் உடையதே பூச்சி. எட்டுக் கால்களையுடைய சிவப்புச் சிலந்தி இக்கூட்டத்தில் சேராது. பூச்சிமருந்துகள் பலவற்றிற்கு அது அடங்காததில் வியப்பில்லை.

ஸ்வீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1758ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் சிறகுகளை முதன்மையாகக் கொண்டு பூச்சிகளை வகுத்தார். இன்று பெயரிடப்பட்டுள்ள பூச்சியினங்கள் ஏறத்தாழ 10 லட்சம். அவற்றுள் முன்சிறகு ஓடுபோல் கடினமான வண்டுகளே மிகுதி.

ஆயினும் பயிரிடுவோர் சிறகைவிட வாயையே முதலில் நோக்குதல் நலம். புழுவும் வெட்டுக்கிளியும் இலையைக் கடித்துத் தின்பவை. இலைமேல் படிந்த நஞ்சு அவற்றின் வயிற்றை அடையும். அசுவினியும் வெள்ளை ஈயும் ஊசி போன்ற வாயை உள்ளே செலுத்திச் சாற்றை உறிஞ்சுபவை. மேற்பரப்பில் படிந்து நிற்கும் வயிற்று நஞ்சு அவற்றின் வாய்க்கு எட்டாது. செடியின் சாற்றில் கலந்து ஊடுருவும் மருந்தே எட்டும். இவை கழிக்கும் இனிப்பு நீர் வெடித்த காய்களின்மேல் விழுந்தால் பஞ்சு பிசுபிசுக்கும், ஆலையின் உருளைகளில் ஒட்டிக்கொள்ளும், இழை அறும். நூல் சரியில்லை என்று நெசவாளர் ஆலையை நொந்துகொள்வார். பிழை வயலிலேயே தொடங்கியிருத்தல் கூடும்.

பட்டுப்புழுவும் பருத்தியின் பச்சைக் காய்ப்புழுவும் ஒரே வரிசையைச் சேர்ந்தவை என்பது பலருக்கு வியப்பளிக்கும். இரண்டும் முட்டை, புழு, கூட்டுப்புழு, அந்து என நான்கு பருவங்களைக் கடப்பவை. பட்டு அந்து உணவே கொள்வதில்லை, தின்பதெல்லாம் புழுப்பருவத்தில்தான். காய்ப்புழுவும் காயைத் துளைத்து உட்புகுந்தபின் தெளிப்பு மருந்துக்கு எளிதில் எட்டாது. ஆகவே முட்டையும் இளம்புழுவும் காணும்போதே முனைதல் வேண்டும். அது மண்ணுக்குள் கூட்டுப்புழுவாக மாறுவதால், கோடை உழவு அதனை வெயிலுக்கும் பறவைகளுக்கும் காட்டிக்கொடுக்கும்.

இன்னொன்று. அசுவினிக் கூட்டத்தின் நடுவே, கருநிற உடலில் மஞ்சள் அல்லது செம்மஞ்சள் புள்ளிகளுடன், முதலைபோல் நீண்ட சிற்றுயிர் ஒன்று ஊர்ந்து திரிவதைக் காணலாம். அது பொறிவண்டின் குஞ்சுப்பருவம். தாய்வண்டின் சாயல் சிறிதும் இராது. அசுவினிகளைத் தின்று நமக்கு உதவும் இதனைப் பயிரைத் தின்னும் புழு என்று கருதி, இக்கட்டுரையாளனே பலமுறை நசுக்கியதுண்டு.