ஆராய்ச்சிப் படிப்பு முடித்தவர் கால்நடை மருத்துவராக முடியுமா?

பி.எஸ்சி. விலங்கியல், மைக்ரோபயாலஜி, பயோடெக்னாலஜி என்று படித்து, ஆய்வகத்தில் ஓரிரு வருடம் வேலையும் பார்த்த நம் பகுதிப் பிள்ளைகள் சிலருக்குக் கால்நடை மருத்துவராகும் ஆசை பிறகுதான் வருகிறது. பிளஸ் டூ பிள்ளைகளின் பெற்றோர் சிலர் இதையே வேறு விதமாகக் கேட்கிறார்கள்: "முதலில் ஒரு டிகிரி முடிக்கட்டும், அதை வைத்து வெட்டினரியில் சேர்த்துவிடலாம் அல்லவா?"

சேர்க்க முடியாது. பி.எஸ்சி., எம்.எஸ்சி. பட்டமோ ஆய்வக அனுபவமோ வெளிவந்த ஆய்வுக் கட்டுரைகளோ தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவ இடத்துக்கான தரவரிசையில் கணக்கில் வருவதில்லை. பட்டதாரிகள் நேரே இரண்டாம் வருடத்தில் சேரும் வழியும் இல்லை. இது தெரியாமல் மூன்று, ஐந்து வருடம் போனபின் வருந்துவதைவிட, இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

இடம் எப்படிக் கிடைக்கிறது?

கால்நடை மருத்துவப் பட்டத்தின் பெயர் பி.வி.எஸ்சி. அண்டு ஏ.எச். நாலரை வருடப் படிப்பும் ஒரு வருடப் பயிற்சியும் சேர்த்து ஐந்தரை வருடம். தமிழ்நாட்டில் இதை நடத்துவது, 1989இல் தொடங்கி மாதவரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம். வேப்பேரியில் உள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இல் தொடங்கப்பட்டது. நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு, தலைவாசல், உடுமலைப்பேட்டை, தேனி ஆகிய இடங்களிலும் கல்லூரிகள் உள்ளன.

மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் தேவையில்லை. பிளஸ் டூவில் உயிரியல் (அல்லது தாவரவியல், விலங்கியல்), இயற்பியல், வேதியியல் பாடங்களில் எடுத்த மதிப்பெண்களை வைத்தே தரவரிசை போடுகிறார்கள். அகில இந்திய ஒதுக்கீடான 15 சதவீத இடங்களுக்கு மட்டும் நீட் மதிப்பெண் வேண்டும். அந்தக் கலந்தாய்வை இந்திய கால்நடை மருத்துவக் கவுன்சில் நடத்துகிறது.

நமக்குள்ள ஒதுக்கீடு

முஸ்லிம்களுக்கான 3.5 சதவீத உள் ஒதுக்கீடு இந்தப் படிப்புக்கும் பொருந்தும். 200 இடம் இருந்தால் 7 இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதைத் தவிர, 31 சதவீதப் பொதுப் போட்டி இடங்களிலும் நம் பிள்ளைகள் மதிப்பெண் அடிப்படையில் வரலாம். ஆனால் ஒதுக்கீடு தானாக வருவதில்லை. சாதிச் சான்றிதழில் பி.சி. முஸ்லிம் என்ற பிரிவு தெளிவாக இருக்க வேண்டும். அரசின் பட்டியலில் உள்ளவை அன்சார், தக்கானி முஸ்லிம், தூதேகுலா, லெப்பை (ராவுத்தர், மரைக்காயர் உட்பட), மாப்பிள்ளா, ஷேக், சையத் ஆகிய ஏழு. சான்றிதழில் "முஸ்லிம்" என்று மட்டும் இருந்தால், விண்ணப்ப நேரம் வருமுன் இ-சேவை மையம் வழியாகத் தாலுகா அலுவலகத்தில் சரிசெய்துகொள்ளுங்கள்.

6ஆம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு தனியாக உண்டு. அரசு உதவி பெறும் பள்ளிகள் இதில் சேராது. பள்ளி மாற்றும் முன் இதையும் யோசியுங்கள்.

பட்டம் முடித்தவர்களுக்கு என்ன வழி?

முதல் வழி, மீண்டும் முதலாமாண்டு மாணவராகச் சேர முயல்வது. பழைய பிளஸ் டூ மதிப்பெண் நன்றாக இருந்தால் மாநில ஒதுக்கீட்டில் முயலலாம். குறைவாக இருந்தால் நீட் எழுதி அகில இந்திய ஒதுக்கீட்டில் முயலலாம். நீட் எழுத மேல் வயது வரம்பு இல்லை. ஆனால் கல்லூரிச் சேர்க்கைக்கான வயது விதியை அந்தந்த ஆண்டின் விளக்கக் குறிப்பேட்டில் பார்த்துவிட்டுத்தான் கோச்சிங்குக்குப் பணம் கட்ட வேண்டும். 22 வயதில் சேர்ந்தால் வெளியே வரும்போது 28 ஆகும். வீட்டின் வருமானம், திருமணப் பேச்சு எல்லாவற்றையும் வைத்துக் குடும்பமாக உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள்.

இரண்டாவது வழி, மருத்துவராகாமல் கால்நடை ஆராய்ச்சியில் இருப்பது. நோய்க்கிருமிகள், தடுப்பூசி, நோய் கண்டறியும் பரிசோதனை போன்றவற்றில் மைக்ரோபயாலஜி, பயோடெக்னாலஜி படித்தவர்களுக்கு வேலை உண்டு. மாதவரத்தில் பல்கலைக்கழக ஆய்வு மையங்கள் இருக்கின்றன. பூந்தமல்லி வழியாகச் செல்லும் பெங்களூர் நெடுஞ்சாலையிலேயே போனால், ராணிப்பேட்டையில் 1932 முதல் கால்நடைத் தடுப்பூசி தயாரிக்கும் அரசு நிறுவனம் உள்ளது. மீன், இறால் பக்கம் ஆர்வம் உள்ள விலங்கியல் பட்டதாரிகளுக்குச் சென்னையிலேயே மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. திட்டப் பணியாளர், ஆராய்ச்சி உதவியாளர் பணி அறிவிப்புகளை இவற்றின் இணையதளங்களில் தொடர்ந்து கவனியுங்கள்.

இதில் ஒன்றை மறக்கக் கூடாது. இந்த வழியில் பிஎச்.டி. முடித்துப் பெயருக்கு முன் "டாக்டர்" போட்டாலும் ஆடு மாடுகளுக்கு வைத்தியம் பார்க்க முடியாது. 1984ஆம் ஆண்டின் இந்திய கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி, அங்கீகரிக்கப்பட்ட கால்நடை மருத்துவப் பட்டம் பெற்றுப் பதிவு செய்தவருக்கே அந்த உரிமை. எம்.வி.எஸ்சி. சேரவும், அரசின் கால்நடை உதவி மருத்துவர் பணிக்கும் பி.வி.எஸ்சி. கட்டாயம்.

மூன்றாவது வழி வெளிநாடு. ஆராய்ச்சி அனுபவத்துக்கு மதிப்புள்ள இடம் அதுதான். அமெரிக்காவில் கால்நடை மருத்துவம் பெரும்பாலும் கல்லூரிப் படிப்புக்குப் பிறகு சேரும் நாலு வருடப் படிப்பு. அங்கு விண்ணப்பத்தில் ஆராய்ச்சி அனுபவம், விலங்குகளைக் கையாண்ட அனுபவம், கால்நடை மருத்துவரிடம் வேலை பார்த்த அனுபவம் மூன்றையும் தனித்தனியாக மணிக்கணக்கில் எழுத வேண்டும். ஆய்வக வேலை எவ்வளவு இருந்தாலும், மருத்துவருடன் நின்று பார்த்த அனுபவம் இல்லையென்றால் விண்ணப்பம் நிற்காது. எனவே அரசுக் கால்நடை மருந்தகத்திலோ, சென்னை புளூ கிராஸ் போன்ற அமைப்பிலோ அனுமதி கேட்டுத் தன்னார்வமாகப் பணி செய்து, சான்றும் பெற்றுக்கொள்ளுங்கள். பிரிட்டனில் எடின்பரோ பல்கலைக்கழகம் பட்டதாரிகளுக்கு நாலு வருடப் படிப்பு நடத்துகிறது. செலவு மிக அதிகம். ஊர் திரும்பித் தொழில் செய்யும் எண்ணமிருந்தால், அந்தப் பட்டத்தை இந்தியக் கவுன்சில் ஏற்கிறதா என்று எழுத்தில் உறுதி செய்யாமல் எந்த ஏஜென்டிடமும் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு

உங்கள் பிள்ளைக்கு ஆராய்ச்சியில்தான் ஆசை என்றாலும், விலங்குகள் சார்ந்த ஆராய்ச்சி என்றால் பி.வி.எஸ்சி.யை முதலில் படிக்க வைப்பதே நல்லது. அதை முடித்தவருக்கு எம்.வி.எஸ்சி., பிஎச்.டி., விஞ்ஞானி பணி, அரசு மருந்தகம், சொந்த கிளினிக் எல்லாம் திறந்திருக்கும். ஆராய்ச்சிப் படிப்பை முதலில் படித்தவருக்கு மருத்துவம் திறப்பதில்லை.

இறைச்சிக் கடை, ஆட்டு வியாபாரம், தோல் தொழில் என்று நம்மில் பல குடும்பங்கள் தலைமுறைகளாகக் கால்நடைகளோடு பிழைக்கின்றன. ஆட்டைப் பார்த்தே நோயைச் சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தப் படிப்பு அந்நியமல்ல. ஆண், பெண் இருவருக்கும் பொருந்தும். ஆவடி, அம்பத்தூரிலிருந்து மின்சார ரயிலில் சென்ட்ரல் போனால் வேப்பேரி பக்கம்தான். ஒரு நாள் பிள்ளையை அழைத்துப்போய் அங்குள்ள கால்நடை மருத்துவமனையைக் காட்டிவிட்டு வாருங்கள்.

இப்போதே எடுத்து வைக்க வேண்டியவை: பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், பி.சி. முஸ்லிம் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், பொருந்துவோருக்கு அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று மற்றும் முதல் பட்டதாரிச் சான்று. எல்லாவற்றிலும் பெயரின் எழுத்து ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். "முகமது", "முஹம்மத்" என்று ஒவ்வொன்றில் ஒவ்வொரு மாதிரி இருந்தால் கலந்தாய்வு நாளில் அலைய வேண்டியிருக்கும். பிளஸ் டூ முடிவு வந்ததும் பல்கலைக்கழக இணையதளத்தைத் தினமும் பாருங்கள். விண்ணப்பம் ஆன்லைனில் மட்டுமே; கடைசித் தேதி போனால் அடுத்த வருடம்தான்.