உஷார்! உங்கள் வேலையின் பெயரைச் சொல்லிக்கொண்டு வருகிறார்கள்

லிங்க்டினில் உங்கள் பதவியை என்னவென்று எழுதி வைத்திருக்கிறீர்கள்? 'சீனியர் அக்கவுண்ட்ஸ் எக்ஸிகியூட்டிவ்' என்றா? 'குவாலிட்டி இன்ஜினியர்' என்றா? அதே சொற்களைப் பெயராகக் கொண்ட ஒரு ஜிப் ஃபைல், வேலை வாய்ப்பு என்று சொல்லிக்கொண்டு வந்தால் தயவுசெய்து திறக்காதீர்கள். கனடாவைச் சேர்ந்த இசென்டயர் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் 2021 ஏப்ரலில் இதைப் பற்றித்தான் எச்சரித்தது. ஒருவரின் லிங்க்டின் பக்கத்தில் இருக்கும் பதவியை எடுத்து, அதன் பின்னால் 'பொசிஷன்' என்று ஒரு சொல்லைச் சேர்த்து, அதையே ஃபைலுக்குப் பெயராக வைத்து அவருக்கே அனுப்பியிருந்தார்கள். திறந்தவுடன் 'மோர் எக்ஸ்' என்ற கள்ள மென்பொருள் சத்தமில்லாமல் கணினியில் குடியேறிவிடும். அதற்குப் பிறகு அந்தக் கணினி அவர்கள் கையில்.

இத்தனை வருடமாக மோசடியை நாம் எதை வைத்து அடையாளம் கண்டோம்? பொருந்தாமையை வைத்து. லண்டன் லாட்டரியில் கோடி விழுந்திருக்கிறது என்று மெயில் வந்தால், நாம் லாட்டரியே வாங்கவில்லையே என்று அழித்துவிட்டோம். இப்போது வருவது அப்படி இல்லை. உங்கள் துறை, உங்கள் அனுபவம், நீங்கள் கற்ற சாஃப்ட்வேர், உங்கள் ஊர், அடுத்து நீங்கள் எதிர்பார்க்கும் பதவி என எல்லாம் அதில் சரியாக இருக்கும். நம்மைப் பற்றி விசாரித்துத்தான் அனுப்பியிருக்கிறார்கள் என்று மனம் தானாகவே இளகிவிடும். ஆபத்து அந்த இடத்தில்தான் தொடங்குகிறது. ஒருவருக்கு உங்கள் வேலையைப் பற்றி எல்லாம் தெரிந்திருப்பதால் அவர் யோக்கியர் என்று ஆகிவிடாது. இன்றைக்கு உங்களைத் துல்லியமாகத் தேடிப் பிடிக்க யாராலும் முடியும்.

எப்படி என்று பாருங்கள். லிங்க்டினில் விளம்பரம் கொடுப்பவர், அது யார் கண்ணில் பட வேண்டும் என்று தானே தேர்ந்தெடுக்கலாம். பதவி, துறை, நிறுவனம், திறமை, அனுபவ ஆண்டுகள், ஊர் என்று வடிகட்டிக்கொண்டே போகலாம். கடைசியில் 300 பேர் மிஞ்சினால் போதும், விளம்பரம் ஓடும். கோவையில் பம்ப் கம்பெனிகளில் பல வருடம் வேலை பார்த்த டிசைன் இன்ஜினியர்களுக்கு மட்டும் என்றுகூடக் குறிவைக்கலாம். ஃபேஸ்புக்கில் 2012 முதல் இன்னொரு வழி இருக்கிறது. கையில் இருக்கும் போன் எண்கள், மெயில் முகவரிகளின் பட்டியலை ஏற்றினால், அதில் யாரெல்லாம் ஃபேஸ்புக்கில் இருக்கிறார்களோ அவர்களுக்கு மட்டும் விளம்பரத்தைக் காட்டலாம். அடுத்த ஆண்டே, அந்தப் பட்டியலில் இருப்பவர்களைப் போன்ற வேறு ஆட்களையும் தேடித் தரும் வசதி வந்தது. பட்டியலைப் பயன்படுத்தும் உரிமை எனக்கு உண்டு என்று விளம்பரதாரர் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது நிபந்தனை. பொய் சொல்லத் துணிந்தவனுக்கு அது ஒரு தடையா?

இந்த வசதியால் நன்மையே இல்லை என்று நான் சொல்லவில்லை. எலும்பு அறுவை சிகிச்சைக் கருவி செய்யும் ஒரு சிறு நிறுவனம், ஊரெல்லாம் பேனர் வைத்துப் பணத்தைக் கரைக்காமல் எலும்பு மருத்துவர்களை மட்டும் சென்றடைய முடிவது பெரிய உதவி. நேர்மையாக இந்தத் தொழிலைச் செய்கிறவர்கள் ஏராளம். ஆனால் திருடனும் அதே கதவு வழியாகத்தான் வருகிறான். அவனுக்கு விளம்பரம்கூட வேண்டாம். தேடும் பெட்டியில் பதவியைத் தட்டினால் ஆட்கள் வரிசையாக வந்து நிற்பார்கள். 2021-ல், 70 கோடி லிங்க்டின் பயனர்களின் விவரம் என்று ஒரு தொகுப்பு இணையத்தில் விலைக்கு வந்தது. யாரும் உள்ளே புகுந்து திருடவில்லை, லிங்க்டினிலும் வேறு தளங்களிலும் வெளியே தெரிவதைச் சுரண்டி எடுத்திருக்கிறார்கள் என்று அந்த நிறுவனம் விளக்கம் சொன்னது. எனக்கு அந்த விளக்கம்தான் அதிகம் கலக்கத்தைத் தருகிறது. நாமே எழுதி வைத்தது அத்தனையும் அதில் இருக்கிறது.

இதில் முதலில் உஷாராக வேண்டியவர்கள் டிஜிட்டல் மார்க்கெட்டிங்கில் இருப்பவர்களே. ஆட்களைப் பிரித்துக் குறிவைப்பதையே தொழிலாகக் கொண்டவர்களை, அதே முறையில் பிரித்துக் குறிவைத்த ஒரு கும்பல் உண்டு. ஃபின்லாந்தின் வித்செக்யூர் நிறுவனம் 2022 ஜூலையில் அதை அம்பலப்படுத்தி 'டக்டெயில்' என்று பெயர் வைத்தது. வியட்நாமிலிருந்து இயங்கிய இந்தக் கும்பல், ஒரு நிறுவனத்தின் ஃபேஸ்புக் பிசினஸ் கணக்கைத் திறக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கும் என்று லிங்க்டினில் பார்த்துப் பொறுக்கியது. மேலாளர்கள், டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஆட்கள், எச்.ஆர். ஆட்கள் என்று தேர்ந்தெடுத்து, பிராண்டு பெயரும் திட்டப் பெயரும் கொண்ட ஃபைல்களை அனுப்பியது. ஃபைல் இருந்தது டிராப்பாக்ஸ், ஐகிளவுட் போன்ற எல்லோருக்கும் தெரிந்த இடங்களில். யாருக்குச் சந்தேகம் வரும்?

அதைத் திறந்தால் என்ன ஆகும் என்பதை ஒவ்வொரு ஏஜென்சி முதலாளியும் தெரிந்துகொள்ள வேண்டும். நீங்கள் ஏற்கெனவே ஃபேஸ்புக்கில் லாகின் செய்திருப்பதால் உங்கள் பிரவுசரில் ஒரு அனுமதிச் சீட்டு சேமிக்கப்பட்டிருக்கும். அந்த மென்பொருள் அதைத் திருடிவிடும். பாஸ்வேர்டு வலுவானதாக இருக்கலாம், இரட்டைச் சரிபார்ப்பும் போட்டிருக்கலாம். ஏற்கெனவே உள்ளே இருக்கும் ஆளின் சீட்டோடு வருகிறவனை அவை தடுப்பதில்லை. பிறகு அவர்கள் தங்கள் மெயில் முகவரியை உங்கள் பிசினஸ் கணக்கில் அட்மினாகச் சேர்த்துக்கொள்வார்கள். உங்கள் வாடிக்கையாளரின் கார்டில் அவர்களுடைய விளம்பரம் ஓடும். ஜவுளிக்கடைக்கும் பல் மருத்துவமனைக்கும் ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரே லேப்டாப்பில் விளம்பரக் கணக்கைப் பார்க்கும் சின்ன அலுவலகங்களை நினைத்தால் எனக்குப் பதறுகிறது. விளம்பரக் கணக்குக்கு என்று தனியாக ஒரு கணினி வைத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து வரும் ரெஸ்யூமே, புராஜெக்ட் ஃபைல் எதையும் அதில் திறக்காதீர்கள். அட்மின் பட்டியலை வாரம் ஒருமுறை பாருங்கள். வேலையை விட்டுப் போனவரின் பெயர் இன்னும் அதில் இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள்.

அடுத்து, புரோகிராமர்கள். ஆக்ஸி இன்ஃபினிட்டி என்ற விளையாட்டை நடத்தும் ஸ்கை மேவிஸ் நிறுவனத்தின் ரோனின் பிணையத்திலிருந்து 2022 மார்ச்சில் 60 கோடி டாலருக்கு மேல் கிரிப்டோ நாணயம் களவு போனது. வட கொரியாவின் லாசரஸ் கும்பல்தான் செய்தது என்று அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. அறிவித்தது. அந்தக் கும்பல் உள்ளே நுழைந்த விதத்தை 'தி பிளாக்' செய்தித்தளம் அதே ஆண்டு ஜூலையில் வெளியிட்டது. லிங்க்டின் வழியாக ஒரு சீனியர் இன்ஜினியருக்குப் போலி நிறுவனம் வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறது. பல சுற்று இன்டர்வியூ நடந்திருக்கிறது. நல்ல சம்பளத்தோடு ஆஃபர் லெட்டர் பி.டி.எஃப். வடிவில் வந்திருக்கிறது. அவர் அதைத் திறந்திருக்கிறார்.

அந்த மனிதரை அசட்டு ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். பல சுற்று இன்டர்வியூ முடித்துக் கையில் ஆஃபர் வந்தால் திறந்து பார்க்காத ஆள் யார்? இப்போது இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். 2023 நவம்பரில் பாலோ ஆல்டோ நெட்வொர்க்ஸ் விவரித்த முறை இது: இன்டர்வியூவுக்கான சோதனை என்று ஒரு கோடு தொகுப்பைக் கொடுத்து, உங்கள் கணினியில் ஓட்டி ஆராய்ந்து பாருங்கள் என்பார்கள். நஞ்சு அந்தக் கோடுக்குள்தான் இருக்கும். சென்னையிலும் கோவையிலும் வேலை மாறத் துடிக்கும் இளைஞர்களே, முகம் தெரியாதவர் கொடுக்கும் கோடை ஆபீஸ் லேப்டாப்பில் ஓட்டவே ஓட்டாதீர்கள். வீட்டு லேப்டாப்பிலும், வேறெதுவும் இல்லாத தனி மெய்நிகர் கணினியில் மட்டுமே ஓட்டுங்கள். அதற்குச் சம்மதிக்காமல் அவசரப்படுத்துகிற கம்பெனி வேண்டவே வேண்டாம்.

'நம்ம ஆட்கள் நாலு பேர் அவரோடு கனெக்‌ஷனில் இருக்கிறார்களே' என்று ஒரு சமாதானம் சொல்வோம். அதை நம்பாதீர்கள். 2009 டிசம்பரில் தாமஸ் ரயன் என்ற பாதுகாப்பு நிபுணர், ராபின் சேஜ் என்று இல்லாத ஒரு பெண்ணைச் சமூக வலைத்தளங்களில் உருவாக்கி, இணையப் பாதுகாப்புத் துறையில் வேலை பார்ப்பவராகக் காட்டினார். ஒரு மாதத்துக்குள் சுமார் 300 பேர் நட்பு கொண்டார்கள். அவர்களில் ராணுவத்தினரும் பாதுகாப்பு வல்லுநர்களும் இருந்தார்கள். முதலில் ஒருவர் ஏமாந்து கைகொடுப்பார். அவர் பெயரைப் பார்த்து அடுத்தவர் கைகொடுப்பார். பிரிட்டனின் எம்.ஐ.5 உளவுத்துறை 2021-ல், ஐந்து ஆண்டுகளில் குறைந்தது 10,000 பிரிட்டன் குடிமக்களைப் போலி புரொஃபைல்கள் அணுகியதாகச் சொன்னது. 2023-ல் அதன் தலைவர் கென் மெக்கல்லம், சீன உளவாளிகள் இணையத்தில் அணுகியவர்கள் மட்டும் 20,000-க்கும் மேல் என்றார். பாதுகாப்பு, விண்வெளி, அணுசக்தித் துறைகளில் இருப்பவர்களும் அங்கிருந்து ஓய்வு பெற்றவர்களும் புரொஃபைலில் திட்டங்களின் பெயரை எழுதி வைக்க வேண்டாம்.

இதுவரை சொன்னதில் போனது பணமும் தகவலும். ஆட்களே போனதும் நடந்திருக்கிறது.

2022 செப்டம்பர் 24 அன்று இந்திய வெளியுறவு அமைச்சகம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. தாய்லாந்தில் 'டிஜிட்டல் சேல்ஸ் அண்ட் மார்க்கெட்டிங் எக்ஸிகியூட்டிவ்' வேலை என்று சொல்லி, ஐ.டி. தெரிந்த இளைஞர்களைக் குறிவைத்துச் சமூக வலைத்தள விளம்பரம் மூலமும், துபாயிலும் இந்தியாவிலும் இருக்கும் ஏஜெண்டுகள் மூலமும் பிடிக்கிறார்கள் என்றது. பாங்காக் போய் இறங்கியவர்களை எல்லை தாண்டி மியான்மருக்குக் கொண்டுபோய் அடைத்துவைத்தார்கள். மியாவடி என்ற ஊர். ஆற்றுக்கு இக்கரையில் தாய்லாந்தின் மே சோட், அக்கரையில் அது. அங்கே அவர்கள் பார்க்க வேண்டிய வேலை, உலகெங்கும் இருப்பவர்களை இணையத்தில் ஏமாற்றுவது. அந்த அக்டோபர் தொடக்கத்தில் மீட்கப்பட்டுச் சென்னை வந்து இறங்கியவர்கள் 13 பேர், நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். 2023 ஆகஸ்டில் ஐ.நா. மனித உரிமை அலுவலகம், இப்படி வற்புறுத்தி மோசடி செய்ய வைக்கப்படுபவர்கள் மியான்மரில் மட்டும் குறைந்தது 1,20,000 பேர் இருக்கலாம் என்றது. அவர்களில் பலர் நன்கு படித்தவர்கள், கணினி அறிந்தவர்கள், பல மொழி பேசுபவர்கள் என்றும் அந்த அறிக்கை சொல்கிறது. படிப்பறிவு இல்லாதவர்கள்தான் ஏமாறுவார்கள் என்ற எண்ணத்தை இனியாவது விடுங்கள். மோசடிக் கும்பல்களுக்குப் படித்தவர்கள்தான் வேண்டும். அதற்குத்தான் அந்தத் துல்லியமான விளம்பரம்.

உங்கள் வீட்டில் யாராவது இப்படி ஒரு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தால் நிறுத்தி வைத்துக் கேளுங்கள். விசா எந்த வகை? தாய்லாந்தில் சுற்றுலாப் பயணியாக நுழைந்தால் வேலை பார்க்க அனுமதி கிடையாது. ஏஜெண்ட் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா? பதிவு பெற்றவரே 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். அதற்கு மேல் லட்சம், இரண்டு லட்சம் என்று கேட்டால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். கம்பெனி உண்மையில் இருக்கிறதா என்று அந்த நாட்டு இந்தியத் தூதரகத்துக்கு மெயில் போட்டுக் கேளுங்கள். பதில் வரும்வரை டிக்கெட் போட வேண்டாம்.

இத்தனை பெரிய தளங்கள் இதைத் தடுக்காதா என்று கேட்பீர்கள். 2025 நவம்பரில் ராய்ட்டர்ஸ் நிறுவனம், ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவின் உள் ஆவணங்களைப் பார்த்து ஒரு செய்தி வெளியிட்டது. 2024 வருவாயில் சுமார் 10 சதவீதம், அதாவது 1,600 கோடி டாலர், மோசடி மற்றும் தடைசெய்யப்பட்ட பொருட்களின் விளம்பரங்களிலிருந்து வரும் என்று அந்த நிறுவனமே கணித்திருந்ததாம். அது தோராயமான, மிகையான மதிப்பீடு என்று மெட்டா மறுத்தது. என்னைத் தூக்கிவாரிப்போட்டது அதே செய்தியில் இருந்த இன்னொரு விவரம்: மோசடி விளம்பரம் ஒன்றைத் தட்டியவருக்கு, அவர் விருப்பம் அதுதான் என்று எடுத்துக்கொண்டு, அதே மாதிரி விளம்பரங்கள் மேலும் காட்டப்பட வாய்ப்பு அதிகம். ஒருமுறை ஏமாந்தவர் மறுபடி ஏமாறும்படி வட்டம் இறுகுகிறது. ஆகவே சும்மா என்ன என்று பார்ப்பதற்காகக்கூடத் தட்டாதீர்கள். விளம்பரத்தின் மூலையில் இருக்கும் மூன்று புள்ளியை அழுத்தி, இது எனக்கு ஏன் வந்தது என்று பாருங்கள், புகார் கொடுங்கள். சொல்லப்பட்ட கம்பெனியின் தளத்தை நீங்களே தனியாகத் தேடிப் போய், அந்த வேலை அங்கே இருக்கிறதா என்று பாருங்கள்.

லிங்க்டினில் 'வேலை தேடுகிறேன்' என்ற பச்சை வளையத்தைப் படத்தில் மாட்டி வைத்திருக்கிறீர்களா? ரிக்ரூட்டர்களுக்கு மட்டும் தெரியும்படி அதை மாற்றலாம், மாற்றிவிடுங்கள். அழைப்பவரின் பக்கத்தில் அவர் எந்த ஆண்டு சேர்ந்தார், எதைச் சரிபார்த்திருக்கிறார் என்று காட்டும் வசதி இருக்கிறது. போன மாதம் சேர்ந்தவர் இருபது வருட அனுபவம் பேசினால் விலகிவிடுங்கள். பழைய கணக்காக இருப்பதாலும் நம்பிவிட முடியாது, அதையும் ஹேக் செய்து எடுத்திருக்கலாம்.

ஏற்கெனவே திறந்துவிட்டீர்களா? வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். அந்த நிமிடமே வைஃபையைத் துண்டியுங்கள். வேறொரு கருவியிலிருந்து பாஸ்வேர்டுகளை மாற்றி, எல்லா இடத்திலிருந்தும் லாக் அவுட் செய்யுங்கள். ஆபீஸ் கணினி என்றால் ஐ.டி. பிரிவுக்கு அப்போதே போன் போடுங்கள். திங்கட்கிழமை வரை தள்ளிப்போட வேண்டாம். பணம் போயிருந்தால் முதல் போன் 1930-க்கு, அடுத்தது வங்கிக்கு. போன பணம் கைமாறிக்கொண்டே இருக்கும், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு முன்னதாக அதை முடக்கிவைக்க முடியும். பரிவர்த்தனை எண், நேரம், தொகை மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். வந்த மெசேஜ்களை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்து, தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் அன்றே பதிவு செய்துவிடுங்கள்.