ரிமோட்டுக்கும் காருக்கும் கெட்டிமேளம்!

காலேஜ் சிம்போசியத்துல ஆர்.சி. கார் ரேஸ். ராத்திரி பூரா கண் முழிச்சு சால்டரிங் பண்ணி, கார் ரெடி. சுவிட்சைப் போட்டா... ரிசீவர்ல லைட் மட்டும் மினுக் மினுக். வீல் அசையவே இல்லை. மோட்டார் போச்சு, பேட்டரி போச்சுன்னு பதறாதீங்க பாஸ்! உங்க ரிமோட்டும் ரிசீவரும் இன்னும் அறிமுகமே ஆகாம இருக்கலாம்.

முன்னாடி எல்லாம் 27 மெகாஹெர்ட்ஸ். ஆறு கலர், ஆறு கிரிஸ்டல். ரெண்டு பேர் ஒரே கலரோட வந்துட்டா, நீங்க திருப்பினா பக்கத்துப் பையன் கார் போய் சுவத்துல முட்டும்! இப்போ 2.4 கிகாஹெர்ட்ஸ். ஒவ்வொரு ரிமோட்டுக்கும் தனி அடையாள எண் உண்டு. அதை ரிசீவர் மனப்பாடம் பண்ற சடங்குதான் 'பைண்டிங்'. அப்புறம் சுத்தி எத்தனை ரிமோட் இருந்தாலும், உங்க கார் உங்க பேச்சைத்தான் கேட்கும்.

பட்ஜெட் ப்ராஜெக்ட்கள்ல அடிக்கடி தென்படுற ஃப்ளைஸ்கை எஃப்எஸ்-ஐ6 ரிமோட், ஐஏ6பி ரிசீவர் ஜோடியையே எடுத்துக்குவோம்.

* வீல் தரையில படாம காரை புக்ஸ் மேல தூக்கி வைங்க.
* ரிசீவர்ல 'பி/விசிசி'ன்னு இருக்கிற இடத்துல பைண்ட் ப்ளக்கைச் செருகி, பவர் கொடுங்க. லைட் வேகமா மின்னும்.
* ரிமோட்ல 'பைண்ட்' பட்டனை அழுத்திக்கிட்டே ஆன் பண்ணுங்க.
* மின்னுறது மாறினதும் ப்ளக்கைக் கழட்டி, ரெண்டையும் ஆஃப் பண்ணி, மறுபடி ஆன் பண்ணுங்க. கெட்டிமேளம்!

சேரலையா? ஜாதகத்தைப் பாருங்க! ரெண்டும் ஒரே புரோட்டோகாலா இருக்கணும். ஐஏ6பி-க்கு ரிமோட் மெனுவுல 'ஏஎஃப்ஹெச்டிஎஸ் 2ஏ' ஆன்ல இருக்கணும். பிராண்டு மாறினா பெரும்பாலும் ஒத்துப்போகாது.

கார் ஓடிடுச்சா? விசிலடிக்க அவசரப்படாதீங்க. ஃபுல் ஸ்பீடுல போகும்போது ரிமோட் பேட்டரி செத்துட்டா? ஒழுங்கா செட் பண்ணலைன்னா, சில ரிசீவர்கள் கடைசியாக் கேட்ட கட்டளையையே பிடிச்சுக்கிட்டு ஓடும். அது போய் நிக்கிற இடம், முன்வரிசையில கைதட்டுற ஜூனியரோட கால்!

அதுக்குத்தான் 'ஃபெயில்சேஃப்'. சிக்னல் போனா ஆக்சிலரேட்டர் நியூட்ரலுக்கு வரணும்னு மெனுவுல செட் பண்ணுங்க. சும்மா நம்பிடாதீங்க, டெஸ்ட் பண்ணுங்க. வீல் அந்தரத்துல இருக்கும்போது மெதுவா ஓடவிட்டு, ரிமோட்டை ஆஃப் பண்ணுங்க. ரிசீவர் ஆன்ல இருந்தா ஐ6 ஆஃப் ஆகமாட்டேன்னு அடம்பிடிக்கும். அப்போ ரிமோட் பேட்டரியையே உருவிடுங்க. வீல் நின்னா பாஸ்! நிக்கலையா? அந்தக் கார் டிராக்குல இறங்கக் கூடாது.

தினமும் ஞாபகம் வைங்க: ஆன் பண்ணும்போது ரிமோட் முதல்ல. ஆஃப் பண்ணும்போது ரிமோட் கடைசியில.

ஜோடி சேர்க்கிறது அஞ்சே நிமிஷம். பிரிஞ்சா எப்படி நடந்துக்கணும்னு சொல்லிக் கொடுக்க இன்னும் ரெண்டு நிமிஷம். அந்த ரெண்டு நிமிஷத்துல கஞ்சத்தனம் வேணாமே ஃப்ரெண்ட்ஸ்!